பாயின் பின்மூலைக் கயிறு: இருந்த இடத்திலிருந்தே இறுக்கவும் இளக்கவும்

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். 13 அடிப் பழைய பைபர் டிங்கி, அதாவது சின்னப் பாய்ப்படகு, ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையிலிருந்து எதிரே உள்ள மண்டைதீவுப் பக்கம் ஓடிப் பழகுகிறீர்கள். பெரிய பாயின் பின்மூலை, பாயின் அடித்தடியான பூமின் நுனியில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறது. கரையில் கட்டியது கட்டியதுதான், ஓடும்போது கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. சுக்கான் பிடித்தபடியே அதை இறுக்கவும் இளக்கவும் எப்படிக் கயிறு பூட்டுவது, இங்கே கிடைக்கிற சாமானால் முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடியும். ஒரு பின்னேர வேலைதான். ஆனால் ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இதைப் பூட்டுகிறவர்கள் பெரும்பாலும் இழுப்பதைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள், எத்தனை கப்பி போட்டால் எவ்வளவு லேசாக இழுக்கலாம் என்று. இழுப்பது சுலபம், கை இருக்கிறது. விட்டவுடன் பாய் திரும்பி வருகிறதா என்பதுதான் பிரச்சினை. வராவிட்டால் உங்கள் பழைய முடிச்சுக்கும் புதிய கப்பிக்கும் பெரிய வித்தியாசமில்லை. கீழே நான் சொல்லும் ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணால் பாருங்கள்.

பூம் என்று நான் சொல்வது பாயின் அடியில் கிடக்கும் தடியை. பாயின் முன்மூலை பாய்மரத்தோடு நிற்கும். பின்மூலையில் ஒரு வளையத் துளை இருக்கும். அந்தத் துளையைப் பூமின் நுனிப் பக்கம் இழுத்துப் பிடிப்பதுதான் பின்மூலைக் கயிறு, படகுப் புத்தகங்களில் அவுட்ஹோல் என்று இருக்கும். நீங்கள் எழுதியபடி உங்கள் பாயின் கீழ்விளிம்பு பூமோடு பிணைக்கப்படாமல், இரண்டு மூலையில் மட்டும் நிற்கிறது. நல்லது, அப்படியான பாயில்தான் இந்தக் கயிற்றின் வேலை வடிவாகத் தெரியும். இழுத்தால் பாயின் கீழ்ப்பாகம் தட்டையாகும், விட்டால் வயிறு போடும். வயிறு போட்ட பாய்க்கு இழுவை கூட. தட்டைப் பாய்க்கு இழுவை குறைவு, ஆனால் படகை அவ்வளவு சாய்க்காது, காற்றுக்கு நெருங்கி ஓட விடும். இதெல்லாம் ஏறக்குறையப் பாயின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் நடக்கிற கதை. மேற்பாகத்துக்கு வேறு கயிறுகள் உண்டு.

குருநகரிலிருந்து ஓடுகிறவருக்கு இது ஏன் இவ்வளவு அவசியம் என்றால், மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து நேரே அந்தக் கரைக்கு அடிக்கும். மண்டைதீவுப் பக்கம் போவதென்றால் காற்றுக்கு எதிரே வளைந்து வளைந்து ஏற வேண்டும், திரும்பும்போது அதே காற்று முதுகில். போகும்போது தட்டை, வரும்போது வயிறு. ஒரே நாளில், ஒரே காற்றில், ஒரே பாய்க்கு இரண்டு உருவம் தேவை. கரையில் கட்டும் முடிச்சு இரண்டில் ஒன்றைத்தான் தரும்.

எனக்கு இது அடிபட்டுத்தான் விளங்கியது. என் முதல் டிங்கியிலும் உங்களுடையது போல நுனியில் முடிச்சுத்தான். ஒருநாள் காலையில் காற்று மெல்ல இருந்தது, பாயை நல்ல வயிறாக விட்டுக் கட்டிக்கொண்டு போனேன். பதினொரு மணியளவில் சோளகம் ஏறிவிட்டது. படகு சாய்ந்து சாய்ந்து காற்றுக்குள் மூக்கைத் திருப்பப் பார்க்கிறது. முடிச்சை இறுக்கலாம் என்று சுக்கானைக் காலால் அணைத்துக்கொண்டு பின்னுக்கு எட்டினேன். நனைந்த கயிறு, நகம் உள்ளே போகவில்லை. அதற்குள் படகு திரும்பி, பூம் மறுபக்கம் வந்து, நானும் படகும் தண்ணீரில். நம் கடலில் கவிழ்வது எப்படி என்று தெரியும்தானே, நெஞ்சளவு தண்ணீர்தான். அதனால் படகு தலைகீழாகும்போது பாய்மரம் சேற்றில் குத்திக்கொள்ளும். இறாலுக்குப் போன இரண்டு பேர் வள்ளத்தை விட்டு இறங்கி வந்து தோள் கொடுத்துத் தூக்கினார்கள். பாய்மர நுனி மேலே வந்தபோது அதில் ஒரு முழத்துக்குக் கறுத்தச் சேறும் சாதாளையும் அப்பியிருந்தது. அன்று பின்னேரமே கப்பி தேடி ஹாட்வெயார் கடைக்குப் போனேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் அளவு. கடதாசியும் பேனையும் வேண்டாம், பாயை ஏற்றிப் படகைக் கரையில் காற்றுக்கு முகமாக நிறுத்துங்கள். பின்மூலையை முடிந்தமட்டும் இழுத்து, பூமில் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு நன்றாக இளக்கி, பூமின் நடுவில் பாய்விளிம்புக்கும் பூமுக்கும் இடையில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி விழும்வரை விடுங்கள். அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் உங்கள் பின்மூலை நடக்க வேண்டிய தூரம். உங்கள் அளவுப் படகில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரும். 15 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு நாலுக்கு ஒன்று காணும். அதாவது நாலு பங்கு இழுவையில் உங்கள் கைக்கு ஒரு பங்கு. அதைக் கிடைக்கும்படி செய்ய இரண்டு கயிறு, ஒவ்வொன்றும் இரண்டுக்கு ஒன்று. முதற்கயிற்றின் ஒரு நுனியைப் பூமின் பின்நுனியில் கட்டுங்கள். அங்கிருந்து முன்னுக்கு வந்து பின்மூலையில் பூட்டிய சின்னக் கப்பிக்குள் நுழைந்து, திரும்பப் பின்னுக்குப் போய், பூம் நுனியில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றி, பூமின் அடிப்பக்கமாக முன்னுக்கு வரட்டும். அதன் மறுநுனியில் இன்னொரு கப்பியைக் கட்டுங்கள். இந்தக் கப்பி எங்கும் பூட்டப்படாமல் அந்தரத்தில் நடமாடும். இரண்டாம் கயிற்றைப் பாய்மரத்துக்குக் கிட்டப் பூமில் ஒரு கொளுவியில் கட்டி, பின்னுக்குக் கொண்டுபோய் அந்த நடமாடும் கப்பிக்குள் விட்டு, திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்து, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டில் கொடுங்கள். அதன் மிச்சம்தான் உங்கள் கையில் இருக்கப்போகும் வால்.

கணக்கைப் பாருங்கள். பின்மூலை 15 சென்ரிமீற்றர் நகர, முதற்கயிறும் நடமாடும் கப்பியும் 30 நகரும், வால் 60 நகரும். ஆகவே நடமாடும் கப்பிக்குப் பூமின் அடியில் 30 சென்ரிமீற்றர் தடையில்லாத வழி வேண்டும், இரண்டு பக்கமும் இன்னும் ஒரு கை அகலம் விட்டு. இதை அளக்காமல் பூட்டுகிறவர்கள்தான் கூட. கடைசியில் நன்றாக இழுக்க வேண்டிய நேரத்தில் அந்தக் கப்பி முன்னால் கொளுவியில் போய் முட்டி நிற்கும், பாய் இன்னும் பாதி வயிறோடு இருக்கும். மெயின்ஷீட், அதாவது பூமை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் பிடிக்கிற கயிறு, அதன் கப்பி பூமின் நடுவில் தொங்குகிற படகென்றால் அது குறுக்கே வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் பூமின் பக்கவாட்டில் கயிற்றை ஓட்டலாம்.

ஆறுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று பூட்டச் சொல்கிறவர்களும் உண்டு. பந்தயம் ஓடுகிறவர்களுக்கு அது சரி. ஒலிம்பிக்கில் 1996 முதல் ஓடிய லேசர் என்ற டிங்கி வகையில்கூட ஆரம்பத்தில் இந்த இடத்தில் எளிமையான ஒற்றைக் கயிறுதான் இருந்தது. விதி மாறிய பிறகே கப்பிகள் கூடின, அவர்கள் பாவிப்பதும் உயர்ந்த கப்பிகள். நம்மிடம் கிடைக்கிற கப்பியில் சக்கரம் அச்சிலேயே உரசி ஓடும், உள்ளே பெயாரிங் குண்டு கிடையாது. ஒவ்வொரு கப்பியும் கொஞ்சம் தின்னும். கூட்டக் கூட்ட இழுவை லேசாகிறதோ இல்லையோ, விட்டால் திரும்பி வராது. மெல்லிய காற்றில் பாய்க்கு நாலைந்து கப்பியைப் பின்னுக்கு இழுத்துச் சுழற்றுகிற பலம் இல்லை. ஆகவே கப்பி குறைவாக, ஆனால் நல்லதாக. இரண்டே இரண்டு நல்ல கப்பிக்குத்தான் காசு இருக்கிறதென்றால் ஒன்றைப் பின்மூலையிலும் மற்றதை நடமாடும் இடத்திலும் போடுங்கள். பின்மூலையில் கப்பிக்குப் பதிலாக அழுத்தமான அலுமினிய வளையம்கூடப் போதும், உட்பக்கம் கண்ணாடிபோல இருந்தால். கல்வனைஸ் வளையம் போட வேண்டாம். நான் முதலில் அதைத்தான் போட்டேன். இழுக்கும்போது கிறீச் என்று வந்தது, விட்டபோது அசையவே இல்லை.

கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே கடற்கரைக் கடைகளில் கயிறு மலைபோலக் கிடக்கிறது, அதில் பெரும்பாலானது இந்த வேலைக்கு ஆகாது. நைலோன் நங்கூரத்துக்கு அருமையான கயிறு. இழுபடும், அலையின் அடியைத் தாங்கும். அதே குணம்தான் இங்கே கேடு. நீங்கள் இறுக்கிவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள், ஒரு பலத்த காற்று வரும்போது கயிறு நீண்டு பாய் வயிறு போடும். காற்று கூடினால் தட்டையாக இருக்க வேண்டிய பாய், காற்று கூடக் கூட வயிறு போடுகிறது. வலைக்குப் பாவிக்கிற பச்சை, நீலக் கயிறுகள் மிதக்கும், மலிவு, ஆனால் வெயிலில் தும்பு தும்பாக உதிரும், கிளீட்டின் பல்லில் வழுக்கும். உங்களுக்கு வேண்டியது பின்னல் போட்ட பொலியெஸ்ரர். கையில் பிடிக்கிற இரண்டாம் கயிற்றுக்கு 5 அல்லது 6 மில்லிமீற்றர். அதைவிட மெல்லியது நனைந்த கையை அறுக்கும்.

முதற்கயிற்றுக்கு டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு கிடைத்தால் 3 அல்லது 4 மில்லிமீற்றர் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது நாலு மீற்றர் கொண்டுவரச் சொன்னால் காணும், ஒரு சேட்டுப் பையில் அடங்கும். அது நீளாது, தண்ணீர் குடிக்காது, கப்பியில் எண்ணெய் போட்டதுபோல ஓடும். ஆனால் அந்த வழுக்கலே முடிச்சையும் அவிழ்க்கும். சாதாரண முடிச்சுப் போட்டு விட்டால் மெல்ல மெல்ல ஊர்ந்து கழன்றுவிடும். கயிற்று நுனியைத் தனக்குள்ளேயே செருகி ஒரு வளையக் கண் பின்னுவதுதான் சரி. அது தெரியாவிட்டால் முடிச்சில் ஒரு சுற்றுக் கூடப் போட்டு, வாலை ஒரு சாண் நீளம் விட்டு, அந்த வாலை ஊசி நூலால் கயிற்றோடு தைத்துவிடுங்கள். டைனீமா கிடைக்காவிட்டால் 4 மில்லிமீற்றர் பொலியெஸ்ரரே போதும். புதிதாக முதல் இரண்டு மூன்று தரம் ஓடும்போது முடிச்சுகள் இறுகி ஒரு விரலளவு நீளும், பிறகு நின்றுவிடும்.

பின்மூலையைப் பூமோடு சேர்த்துப் பிடிக்க ஒரு கட்டு வேண்டும், பலர் மறந்துபோகிற இடம் இது. அது இல்லாவிட்டால் பின்மூலை மேலே கிளம்பும், இழுவை எல்லாம் கீழ்விளிம்புக்குப் போகாமல் பாயின் பின்விளிம்புக்குப் போய்விடும். வளையத் துளைக்குள்ளால் விட்டுப் பூமைச் சுற்றி ஒரு வெல்குரோப் பட்டி போடலாம், பழைய புத்தகப்பையில் இருந்து வெட்டியதே நல்லது. கயிறென்றால் மெல்லிய டைனீமாவை இரண்டு மூன்று சுற்று. எதுவென்றாலும் பூமில் சறுக்க வேண்டும். கட்டிய பிறகு சுண்டுவிரல் உள்ளே போகிற அளவு தளர்வு விடுங்கள். பூமின் அந்த 15 சென்ரிமீற்றரில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள், உலர்ந்த நாளில் தேய்த்தால் பல நாள் நிற்கும்.

இனி விட்டால் திரும்பி வருகிற விஷயம். இதற்கு வெளிநாட்டுக்காரர் மெல்லிய இழுவை றப்பர்க் கயிறு பாவிக்கிறார்கள். நான் சைக்கிள் ரியூப் பாவிக்கிறேன். சைக்கிள் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் எங்கே, பஞ்சர்க் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஒரு விரல் அகலத்தில் நீளவாட்டில் வெட்டி, ஒரு நுனியைப் பின்மூலை வளையத்திலும் மறுநுனியைப் பாய்மரத்துக்குக் கிட்டப் பூமிலும் கட்டுங்கள். பாய் முழுக்க இளகி இருக்கும்போதும் ரியூப் சற்று விறைப்பாக நிற்க வேண்டும். கிளீட்டிலிருந்து கயிற்றை எடுத்தவுடன் ரியூப் பின்மூலையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு வரும். முதல்முறை அது தானாக வருவதைப் பார்க்கும்போது உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும். உப்பும் வெயிலும் அதை வருடத்துக்குள் தின்றுவிடும், வெடிப்புக் கண்டால் மாற்றுங்கள்.

கிளீட் இரண்டு வகை பார்ப்பீர்கள். இரண்டு பற்சக்கரம் சுருள்வில்லோடு கயிற்றைக் கவ்வுவது ஒன்று. அசையும் பாகமே இல்லாமல், உட்பக்கம் பல்வரிகள் கொண்ட வீ வடிவக் காடி இன்னொன்று. நம் கடலுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனையிறவில் உப்பு விளைகிற கடல் இது. சுருள்வில்லுக்குள் உப்பும் மணலும் ஏறினால் பல் கவ்வியபடியே நிற்கும், அவசரத்துக்கு விடாது. காடி வகையில் கயிற்றை மேலே உயர்த்தினால் கழன்றுவிடும். ஆனால் அதற்கென்று சொன்ன தடிப்புக் கயிறுதான் போட வேண்டும். மெல்லியது நழுவும், தடித்தது உள்ளே இறங்காது. பூமின் பக்கவாட்டில், பாய்மரத்திலிருந்து ஒரு கை எட்டுகிற தூரத்தில், நீங்கள் சுக்கானைப் பிடித்தபடி எட்டக்கூடிய இடத்தில் பூட்டுங்கள். பூட்டுமுன் படகுக்குள் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பாருங்கள். கை எங்கே போகிறதோ அங்கே.

அலுமினியப் பூமில் ஸ்ரெயின்லெஸ் ஆணியை நேரடியாக இறுக்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிபட்டுப் போகும். ஆணியைச் சுற்றிச் சிலிக்கன் பூசி, கிளீட்டின் அடியில் மெல்லிய றப்பர்த் துண்டு வைத்துப் பூட்டினால் பல வருடம் தாங்கும். வாலின் நுனியில் எட்டு வடிவத்தில் ஒரு முடிச்சுப் போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் ஒருநாள் கயிறு முழுக்கக் கழன்று பாய் கொடிபோலப் பறக்கும்.

பூட்டிய பிறகு கடலுக்குப் போகாமல் கரையிலேயே இருபது தரம் இழுத்து விடுங்கள், கயிற்றை நனைத்தும் ஒருமுறை. பிறகு வாலில் மூன்று அடையாளம் வைக்கலாம். நான் சிவப்பு நூலால் தைத்திருக்கிறேன், பேனை மை அழிந்துபோகும். முதல் அடையாளம் காற்று முதுகில் இருக்கும்போது: பூமின் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி. நடு அடையாளம் சாதாரணக் காற்றில் எதிரே ஏறும்போது: நாலு விரல் சேர்த்து வைத்துச் சற்றுக் கூடுதலாக. கடைசி, பலத்த காற்றில்: கீழ்விளிம்பு கிட்டத்தட்ட நேர்கோடு. கூடுதலாக இழுத்துவிட்டால் பாயே சொல்லும். கீழ்விளிம்பை ஒட்டி, முன்மூலையிலிருந்து பின்மூலைக்கு நரம்புபோல ஒரு மடிப்பு ஓடும். பலத்த காற்றில் அது இருந்தால் பாதகமில்லை, மெல்லிய காற்றில் தெரிந்தால் இளக்குங்கள்.

ஒரு விதிவிலக்கு. ஆழமில்லாத தண்ணீரில் சோளகம் எழுப்பும் அலை கட்டை கட்டையாக, நெருக்கமாக வரும். பாயை அதிகம் தட்டையாக்கினால் ஒவ்வொரு அலையும் படகின் முன்பக்கமான அணியத்தில் அடித்துப் படகை நிறுத்திவிடும், தாண்டிப் போகப் பலம் இருக்காது. அப்போது கடைசி அடையாளத்திலிருந்து பெருவிரல் அளவு இளக்கினால் படகு மறுபடி நடக்கத் தொடங்குவதை இருக்கையிலேயே உணர்வீர்கள். இங்குள்ள அலைக்கு வெளிநாட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிற அளவு எப்போதும் பொருந்தாது. இன்னொன்று, இந்தக் கயிறு பாயைக் குறைக்காது, உருவத்தை மட்டுமே மாற்றும். முழுக்கத் தட்டையாக்கியும் படகு சாய்கிறதென்றால் பாயைச் சுருக்கிக் கட்டுங்கள், அல்லது திரும்புங்கள். உயிர்காப்பு அங்கியைக் கழற்றி வைத்து ஓட வேண்டாம்.

என் அப்பு பருத்திப் பாய் காலத்து மனிதர். காற்று மெலிந்தால் கடற்தண்ணீரை அள்ளிப் பாயில் இறைப்பார், நூல் ஊதி இழை நெருங்கினால் பாய் காற்றை விடாது என்று. கப்பி இல்லாமலே பாயின் குணத்தைக் கடலில் வைத்தே மாற்றிய ஆட்கள் அவர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓடிப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பலில் எத்தனை கயிறு இருந்திருக்கும், ஒவ்வொன்றையும் இருட்டிலும் கை தேடிப் போய்ப் பிடித்திருக்கும் என்று இந்த வேலை செய்யும்போதெல்லாம் நினைப்பேன்.

ஓடி முடித்துக் கரைக்கு வந்ததும் கப்பிகளுக்கும் கிளீட்டுக்கும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், எண்ணெய் வேண்டாம், அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கயிற்றை முழுக்க இளக்கிவிட்டு வாருங்கள். இறுக்கியபடியே வெயிலில் விட்டால் பாயின் கீழ்விளிம்பு நிரந்தரமாக நீண்டுவிடும், ரியூப்பும் செத்துப்போகும். நடமாடும் கப்பி பூட்டுமுன் பூமின் அளவை எழுதி அனுப்புங்கள், மெயின்ஷீட் எங்கே தொங்குகிறது என்றும் சொல்லுங்கள். கயிறு எத்தனை மீற்றர் வாங்குவது என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.